அலைச் சத்தம் இல்லாத தியானம்

தியானம் சொல்லித்தருகிற செயலிகளில் எதைத் திறந்தாலும் முதலில் கடலைத்தான் போடுகிறார்கள். ஒரு அலை வந்து கரையில் விழும், மெல்லத் திரும்பும். பிறகு குரல் ஒன்று வந்து உடலைத் தளர்த்தச் சொல்லும். இதைச் செய்தவர்கள் விடுமுறைக்கு மட்டும் கடற்கரைக்குப் போகிறவர்களாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். இந்த ஊரில் எந்தத் தெருவால் நடந்தாலும் கொஞ்சத் தூரத்தில் ஒரு கடல் வந்து மறிக்கும். எங்கள் வீடு அப்போது கரையோடு ஒட்டின ஒழுங்கையில் இருந்தது. 2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் அதே நாளில் சேர்ந்து வந்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். ஒழுங்கையில் எல்லோரும் தப்பவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அதனால், போனில் அந்தச் செயலியை இறக்கி முதல் பாடத்தைத் தட்டி, அலை வந்து விழுந்தவுடனே அடுத்த அறையிலிருந்து அம்மா, "பிள்ளை, அதை நிப்பாட்டு" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னா. நிப்பாட்டினேன். எனக்கும் அது பிடிக்கவில்லை என்பது, நிப்பாட்டின பிறகு தோள் இறங்கினபோதுதான் தெரிந்தது.

தியானத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோருமே அமைதியான இடம், கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்ற மூன்றோடு தொடங்குகிறார்கள். என்னிடம் அமைதியான இடம் இல்லை. கண்ணை மூடினால் அமைதியும் வரவில்லை. ஆனாலும் சில வருடங்களாக நான் இதைச் செய்துகொண்டு வருகிறேன், பலனும் இருக்கிறது. எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், ஸ்கான், லமினேற், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், அவசரமென்றால் பெட்டிசமும் எழுதிக்கொடுப்பேன். ஒரு மேசை, இரண்டு கணினி, ஒரு பழைய கொப்பி மெஷின், நானும் உதவிக்கு ஒரு பிள்ளையும். வெளியிலிருந்து பார்த்தால் நிழலில் இருந்து செய்கிற சுகமான வேலை.

உள்ளே வந்து நில்லுங்கள். முதலாம் தர அனுமதிக் காலம் என்றால் காலை எட்டு மணிக்கே கதவுக்கு முன்னால் வரிசை. எல்லோரிடமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புக் கொப்பி, கரண்ட் பில், தண்ணி பில், கிராம சேவகர் கடிதம். எல்லோருக்கும் இன்றைக்கே வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்தால் அழுகிறவர்களும் சிரிக்கிறவர்களும் ஒரே கதிரைக்கு வருவார்கள். ஒரு அம்மா வருவா, ஓடிபி இலக்கம் எந்தப் போனுக்கு வரும் என்று கேட்டால் "மகன்ர போன், மகன் கட்டாரில" என்பா. மெஷினில் தாள் சிக்கும். சிக்கின தாளை இழுக்கும்போது கரண்ட் போகும். யாரோ ஒருவர் தன்னுடைய அடையாள அட்டையைக் கண்ணாடிக்குக் கீழே விட்டுவிட்டுப் போயிருப்பார். அடுத்தவர் அதற்கு மேலே தன் தாளை வைத்துவிடுவார்.

பிழை எழுத்தில் வந்தால் பிழை என்னுடையது. பிள்ளையின் பெயரில் ஒரு ஆங்கில எழுத்து மாறினால் பத்து வருடம் கழித்துக் கடவுச்சீட்டு எடுக்கும்போது அது சத்தியக்கடதாசியில் போய் முடியும். இது எனக்குத் தெரியும், அதனால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை பார்ப்பேன். பார்க்கிற நேரத்தில் பின்னால் நிற்கிறவர் "தங்கச்சி, கெதியாப் பாருங்கோ" என்பார்.

இப்படி வருடக்கணக்காக இருந்ததில் காலையில் எழும்பும்போதே தாடை வலித்தது. இரவில் பல்லைக் கடிக்கிறேனாம். தலையிடி என்று போனேன், டொக்டர் பிரஷர் பார்த்தார், குளிசை எழுதினார். எழுதிக்கொண்டே நிமிராமல், "ரென்ஷனைக் குறையுங்கோ, கொஞ்சம் மெடிட்டேஷன் செய்யுங்கோ" என்றார். வெளியில் நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவரே அதைச் செய்கிறாரோ என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

செயலி அலையோடு போனது. பிறகு சத்தமே இல்லாமல் இருந்து பார்த்தேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு, சாமி அறையில், பாயில், கண்ணை மூடி. மூச்சைக் கவனிக்கச் சொல்லுகிறார்கள். நான் கண்ணை மூடினால் என் காது பெரிதாகிறது. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், யாருடைய படலையோ, எங்கே நாய் குரைக்கிறது, ஏன் இப்போது நிறுத்திவிட்டது. நான் பிறந்தது எண்பதுகளில். நாய் குரைத்தால் அது எந்தப் பக்கம், கிட்ட வருகிறதா, தூரப் போகிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு படுத்த பிள்ளைகள் நாங்கள். சத்தமில்லாத இரவு எங்களுக்கு ஓய்வாக இருந்ததில்லை. அதைக் கேட்டுக்கொண்டு விழித்திருப்பதுதான் வழக்கம். யுத்தம் முடிந்து இவ்வளவு காலம் போயும் என் காதுக்கு யாரும் அதை அறிவிக்கவில்லை போலிருக்கிறது.

நெஞ்சு அடித்தது. எழும்பி லைட்டைப் போட்டேன். தியானம் எனக்குச் சரிவராது என்று விட்டுவிட்டேன்.

இந்த விடயத்தைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலருக்கு இது நடக்கிறது, அவர்கள் தங்களில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணை மூடி உள்ளே பார் என்றால், உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். உள்ளே ஒரு பெரிய இழப்போ பயமோ இருந்தால், அது முதலில் எழும்பி வரும். இதை அனுபவமுள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொல்வார்கள். மூச்சு பயத்தைக் கிளப்பினால் மூச்சை விட்டுவிட்டுக் காலையோ கையையோ கவனிக்கச் சொல்வார்கள், வேண்டிய நேரத்தில் எழும்பிப் போகலாம் என்பார்கள். செயலிக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கு எங்கள் ஒழுங்கையும் தெரியாது.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தியானம் செய்வது புதுச் சங்கதியும் இல்லை. பிரம்ம குமாரிகள் கண்ணைத் திறந்துதான் இருக்கிறார்கள். ஜப்பானில் ஜென் துறவிகள் கண்ணைப் பாதி திறந்து நிலத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். எனக்கு இதை முதலில் சொன்னது இவர்கள் யாருமில்லை. என் கடைக்கு ஓய்வூதியப் பத்திரம் கொப்பி எடுக்க வருகிற, ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள மாத்தயா. போயா நாட்களில் வெள்ளை உடுத்துச் சில் என்கிற விரதம் எடுக்கிறவர். பாவனா, அதாவது தியானம், அவருக்குப் பல்லுத்துலக்குகிற மாதிரி அன்றாட வேலை. நான் கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது என்றதும் அவர் ஆச்சரியப்படவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "அப்ப மூட வேணாம். சக்மன் செய்ங்க. நடக்கிறது. கால் வைக்கிறது பாக்கிறது, கால் தூக்குறது பாக்கிறது. அவ்வளவுதான்" என்றார். கடைக்கு நடுவில் நாலு அடி நடந்தும் காட்டினார். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

நடக்க எனக்கு இடம் இல்லை. மேசைக்கும் மெஷினுக்கும் இடையில் இரண்டு எட்டுத்தான். ஆனால் கால் இருக்கிறது. கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டேன். சீமெந்துத் தரை. மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது உள்ளங்கால் தரையில் எங்கெங்கே படுகிறது என்று பார்ப்பேன். குதி, பெருவிரல் அடி, சின்னவிரல் பக்கம். காலை நேரம் தரை குளிராக இருக்கும், மத்தியானம் வாசல் பக்கம் சுடும், மெஷினுக்குக் கீழே எப்போதும் இளஞ்சூடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் நெருநெரு என்று காலில் படும். இதைப் பார்க்கும்போது காது தன் வேலையை விட்டுவிடுகிறது. எனக்கு எது நங்கூரம் என்று கண்டுபிடிக்க இவ்வளவு சுற்றவேண்டி இருந்தது.

எப்போது செய்கிறேன் என்பதற்கும் மெஷின்தான் பதில். எங்கள் மெஷின் பழையது. கரண்ட் போய் வந்தால், அல்லது கொஞ்ச நேரம் சும்மா விட்டால், மறுபடி சூடாகும்வரை கொப்பி எடுக்காது. திரையில் பொறுத்திருக்கச் சொல்லி ஒரு வரி வரும். முன்பெல்லாம் அந்த வரியைக் கண்டால் எனக்கு விசர் வரும். அந்த நேரத்துக்குள் போனை எடுத்து மூன்று வட்சப் செய்திக்குப் பதில் போடுவேன், அதில் ஒன்று ஆத்திரமான பதிலாக இருக்கும். இப்போது அந்த வரி வந்தால் கை இரண்டையும் மெஷின் மூடியில் வைத்து, காலைப் பார்த்து, மூச்சை மெதுவாக விடுவேன். வாடிக்கையாளருக்கு நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றுதான் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்த வரி வரும். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

மூச்சைப் பற்றிச் சொன்னேன். அதை நான் கவனிக்கிறதில்லை, நீட்டுகிறேன். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து உங்கள் நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது அது சற்று வேகமாகும், விடும்போது சற்று மெதுவாகும். சிலருக்கு இது நன்றாகத் தெரியும், சிலருக்கு அவ்வளவு தெரியாது. மூளையின் அடியிலிருந்து இறங்கி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்புதான் இதயத்தின் வேகத்தைக் குறைத்து வைத்திருப்பது. மூச்சை வெளியே விடும்போது அதன் பிடி கூடுகிறது. ஆகவே வெளிமூச்சு நீளமாக இருந்தால் உடம்புக்கு ஆபத்து விலகியது என்று தகவல் போகிறது. மனதைச் சமாதானப்படுத்தத் தேவையில்லை. மனம் பின்னால் வரும். சும்மா இருக்கும்போது ஒரு பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்செடுப்பார். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் அது நிமிடத்துக்கு ஆறாகும். நான் ஆறும் எண்ணுவதில்லை, தாள் எண்ணுகிற வேலையே போதும். உள்ளே போனதைவிட வெளியே வருவது நீளமாக இருந்தால் சரி.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம், எதையும் தொடங்கினால் உச்சத்திலிருந்து தொடங்குவது. திருமந்திரத்தில் திருமூலர் சொல்லும் கணக்கு 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. அதை எங்கேயோ வாசித்துவிட்டு வந்து அறுபத்துநாலு வரை மூச்சைப் பிடித்துப் பார்த்துத் தலை சுற்றினவர்களை எனக்குத் தெரியும். அது குருவோடு இருந்து படிப்படியாகச் செய்கிறவர்களின் கணக்கு. பிரஷர் குளிசை போடுகிறவர்கள் மூச்சை அடக்கிப் பார்க்கவே வேண்டாம். விடுவதை மட்டும் நீட்டுங்கள்.

பக்கத்துத் தையல் கடை நானாவிடம் இதெல்லாம் சொன்னபோது அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சிரித்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் கையில் தஸ்பீஹ் மணி ஓடும். 33 தடவை சுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 34 தடவை அல்லாஹு அக்பர். "தங்கச்சி, உங்களுக்குக் கால், எங்களுக்கு விரல்" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எதையாவது ஒன்றை உடம்பால் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். பேராலயத்துக்குப் போகிற என் சிநேகிதி செபமாலையைப் பற்றியும் இதையேதான் சொல்வாள். இறைவனை நினைக்கிறவர்களின் வணக்கத்தை நான் என் பிரஷர் வைத்தியத்தோடு ஒன்றாக்கிவிடவில்லை. அவர்களுக்கு அது வேறு, எனக்கு இது வேறு. விரல் மட்டும் பொது.

பொழுதுபட்டுக் கடை பூட்டின பிறகு சிலநாள் கொஞ்சம் நீளமாக இருப்பேன். அதற்குக் கடற்கரைக்குத்தான் போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் இந்த ஊரில் இரண்டு கடல் இருக்கிறது. டச்சுக்குடாப் பக்கமும் அந்தப் பக்கத்துக் கரையும் திறந்த கடல். மார்கழி வாடையில் போய் நின்றால் கதைக்கிறது கேட்காது. கோணமலைக் கோயிலுக்குக் கீழேயும் அதே கடல்தான். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகத்திலேயே அந்த இரைச்சல் இருக்கிறது. எத்தனையோ தலைமுறை அதைக் கேட்டு மனம் ஆறியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நானும் கோட்டைக்குள்ளால், மான்களுக்கு வழிவிட்டுக்கொண்டு மேலே ஏறிக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். இருந்து தியானம் செய்ய மட்டும் என்னால் அங்கே முடியாது.

மற்றப் பக்கம் உட்துறைமுகம். மூன்று பக்கமும் நிலமும் குன்றும் மறித்த ஆழமான நீர். பெரிய கப்பல்கள் உள்ளே வரக்கூடிய ஆழம், அதற்காகத்தானே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் எல்லோரும் இந்த ஊருக்காக அடிபட்டார்கள். அந்தக் கரையில் அலை இல்லை. தண்ணி கல்லில் பட்டு ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். மாரியிலும் அப்படித்தான். உட்துறைமுக வீதியில் ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் கல்லில் இருந்து கப்பல் லைட் பார்ப்பேன். கண் திறந்தபடிதான். நுளம்பு கடிக்கத் தொடங்கினால் எழும்பிவிடுவேன். நுளம்பையும் கவனி என்று சொல்லுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் டெங்கு வந்த வருடத்தைப் பார்த்திருந்தால் சொல்லமாட்டார்கள்.

இனி, இதனால் என்ன மாறியது என்று கேட்டால், கோபம் வருவது நிற்கவில்லை. போன பருவத்தில் ஒருவர் வந்தார். மகளின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், மாலை நாலரை. இணையப் பக்கம் திறக்கவில்லை, நாட்டில் எல்லோரும் அதே நேரம் திறக்கிறார்கள். அவர் மேசையில் அடித்தார். "உங்களுக்குச் செய்யத் தெரியாட்டி ஏன் போர்ட் போட்டு வைச்சிருக்கிறீங்கள்?" என்றார். என் காதுமடல் சூடாவது தெரிந்தது. முன்பு இது எனக்குத் தெரியாது. சத்தம் போட்டு முடித்த பிறகுதான் நான் கோபப்பட்டேன் என்றே தெரியவரும். இந்த முறை சூடு முதலில் தெரிந்தது, கால் தெரிந்தது, ஒரு மூச்சு வெளியே போனது. பிறகு சொன்னேன்: "அண்ணா, வெளியில வாங்கில இருங்கோ. பக்கம் திறந்தவுடன நானே கூப்பிடுறன்." குரல் உயரவில்லை. அவர் போய் இருந்தார். பக்கம் ஐந்து மணிக்குப் பிறகு திறந்தது, அனுப்பினோம். காசு கொடுக்கும்போது இருபது ரூபா குறைத்துத்தான் தந்தார். அதற்கு எனக்கு இன்னும் கோபம்.

மாறியது அந்த இடைவெளி மட்டுந்தான். அதுவும் எப்போதும் இல்லை. பசியோடு இருந்தால் இல்லை, நித்திரை இல்லாவிட்டால் சுத்தமாக இல்லை. காலையில் தாடை வலிப்பது குறைந்திருக்கிறது. குளிசையை நான் நிறுத்தவில்லை, டொக்டர் சொல்லாமல் நிறுத்தவும் மாட்டேன்.

ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது என்று தேடியும் பார்த்தேன், தேடித்தருவதுதானே என் தொழில். 1979-இல் ஜோன் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் நாட்பட்ட வலியுள்ள நோயாளிகளுக்காகத் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இன்று ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கிற தியானத்தில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான். அதன் வேர் புத்தசமயத்துச் சதிபட்டானம் என்கிற, உடலையும் மனதையும் விழிப்போடு கவனிக்கிற முறையில் இருக்கிறது, அதாவது எங்கள் ரயில்வே மாத்தயா நடந்து காட்டியதில். 2014-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. பதகளிப்பு, மனச்சோர்வு, வலி இவற்றுக்குத் தியானம் ஓரளவு உதவுகிறது என்றார்கள். ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் எழுதினார்கள். செயலி விளம்பரங்களில் இந்த இரண்டாவது பாதி வராது. எனக்கு அந்த "ஓரளவு" என்ற சொல்லில் நம்பிக்கை இருக்கிறது. என் அனுபவமும் ஓரளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022-இல் பங்குனி முடிகிற நேரம் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. தாள் விலை எங்கேயோ போனது. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பாடசாலைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். கொப்பிக் கடைக்குக் கரண்டும் இல்லை தாளும் இல்லை என்றால் என்ன மிச்சம்? அந்த மாதங்களில் யாராவது வந்து என்னிடம் மூச்சைக் கவனி என்றிருந்தால் மேசையில் அடித்தவர் நானாக இருந்திருப்பேன். காசுப் பிரச்சினைக்குக் காசுதான் தீர்வு. சில நிறுவனங்கள் இப்போது வேலை செய்கிறவர்களுக்குத் தியான வகுப்பு வைக்கிறார்களாம். நல்லது. ஆனால் மூன்று பேருடைய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்குக் கண்ணை மூடப் பழக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்னொரு ஆளை எடுங்கள், பிறகு தியானம் சொல்லிக்கொடுங்கள்.

நான் செய்ததும் அதுதான். உதவிக்கு அந்தப் பிள்ளையை எடுத்தது தியானத்துக்குப் பிறகில்லை, முன்னாலேயே. அவள் வந்தபிறகுதான் மத்தியானம் இருந்து சாப்பிட முடிந்தது. என் பிரஷர் குறைந்ததில் அவளுக்கு எவ்வளவு பங்கு, என் உள்ளங்காலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவளைக் கேட்டால் முழுப்பங்கும் தன்னுடையது என்பாள்.

வாசிக்கிறவர்களில் யாராவது கண்ணை மூடினால் பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகிறது, நித்திரை இல்லை, வாழ்வதே பாரமாக இருக்கிறது என்றிருந்தால், தியானத்தை ஒரு பக்கம் வையுங்கள். அது தனியாக இருந்து தீர்க்கிற விடயமில்லை. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தோடு கதைக்கலாம். விசர் என்று ஊர் சொல்லும் என்று பயந்து இருந்து, பிறகு கஷ்டப்பட்டவர்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பேராதனைக்குக் கிட்ட ஹிந்தகலவில் விபஸ்ஸனா நிலையம் ஒன்று இருக்கிறது, தம்மகூட என்று பெயர். பத்து நாள் பாடநெறி. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், யாரோடும் ஒரு வார்த்தை கதைக்கக்கூடாது, நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும். மாத்தயா போய்வா என்கிறார். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் உங்களுக்கு மனநலப் பிரச்சினை ஏதும் இருந்ததா என்று கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான், அந்த இடத்தில் நாயையும் அலையையும் பற்றி எழுதிவிட்டு, என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா, "மலைநாட்டில குளிருமே பிள்ளை" என்றா. தங்கச்சி மட்டும் உடனே சம்மதித்தாள். "போயிற்று வா அக்கா. நீ பத்து நாள் கதைக்காம இருந்தா அது எங்களுக்குத்தான் தியானம்."

படிவம் ஒன்லைனில்தான் நிரப்பவேண்டும். ஊருக்கெல்லாம் நிரப்பிக் கொடுக்கிற நான் இதை இன்னும் நிரப்பவில்லை. முதலாம் தர அனுமதி முடியட்டும்.